குட்டி எப்போது கிடா ஆகிறது? ஆண்பிள்ளை வளர்ப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் சந்தை கூடும். போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு, அப்பா ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நானும் வருவேன் என்று அக்கா மகன் வாசலில் நின்றான். அவனுக்கு ஒன்பது வயது. ஆறு மாதமாக அதற்கு வேப்பந்தழை ஒடித்துப் போட்டவன் அவன்தான், மறுக்க முடியவில்லை. வீட்டில் அதற்குத் தனிப் பெயர் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் அது 'குட்டி'.

சந்தையில் தரகர் வந்தார். முதுகை விரலால் அழுத்திச் சதை பார்த்தார். பின்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிடாதானே" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு மூடினார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசின, விலை படிந்தது. அதுவே பெட்டையாக இருந்திருந்தால் அப்பா சந்தைக்கே கொண்டுவந்திருக்க மாட்டார். பெட்டை ஈனும், பட்டி பெருகும். கிடா கறிக்கு.

திரும்பும் பஸ்ஸில் பையன் அழ ஆரம்பித்தான். அப்பா அவன் தலையைத் தடவி, "ஆண்பிள்ளை அழலாமா கண்ணு?" என்றார். அதட்டலே இல்லை, கனிவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பால், பாலினம் என்று இரண்டு சொற்களை இப்போது பாடப்புத்தகத்திலும் பத்திரிகையிலும் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். தரகர் பின்காலைத் தூக்கிப் பார்த்தது பால். அது உடம்பில் இருக்கிறது, பார்த்தால் தெரியும். பஸ்ஸில் அப்பா கேட்டது பாலினம். அது எந்த உடம்பிலும் இல்லை. கண்ணீர்ச் சுரப்பி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. 'ஆணாகப் பிறந்தவன் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று ஊரும் வீடும் எழுதி வைத்திருக்கும் சட்டத்துக்குப் பெயர்தான் பாலினம். ஆட்டுக்குட்டிக்குப் பால் மட்டும் போதும். பையனுக்கு இரண்டும் உண்டு.

பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார்கள் என்று பிரான்ஸ் நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் த பொவார் 1949ல் எழுதினார். பெண்ணைப் பற்றிச் சொன்ன அந்த வாக்கியம் ஆணுக்கும் பொருந்தும் என்பது பிறகுதான் ஆராய்ச்சியாளர்களுக்கு உறைத்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரெவின் கானல் 1995ல் வெளியிட்ட நூலின் பெயரே 'ஆண்மைகள்' என்று பன்மையில் இருந்தது. ஓர் ஊரில் ஒரே சமயத்தில் பல வகை ஆண்மை இருக்கும், அதில் ஒன்று மட்டும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு மற்ற ஆண்களையும் பெண்களையும் அளக்கும் படியாக மாறும் என்பது அவர் சொன்னதன் சாரம். வெளிநாட்டுக் கோட்பாடு இவ்வளவு போதும். மீதி எல்லாம் நம்மிடமே இருக்கிறது, ஏராளமாக.

தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் என்று ஒன்பது சொற்கள் வருகின்றன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இந்த ஒன்பதில் ஒன்றுகூட ஆணா பெண்ணா என்று சொல்லாது. அடுத்தபடியாகத்தான் ஏறு, களிறு, சேவல் என ஆண்பாற் பெயர்களும், பேடை, பெட்டை, பிடி எனப் பெண்பாற் பெயர்களும் தனித்தனி வரிசையாக வருகின்றன. குட்டியும் கன்றும் பிள்ளையும் பிரிக்கப்படாத காலம் ஒன்று உண்டு என்பது மொழிக்கே தெரிந்திருக்கிறது.

பிரிகிற இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது பிள்ளைத்தமிழ். தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவமாகப் பாடும் சிற்றிலக்கியம் அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பால் பிள்ளைத்தமிழுக்கும் பொது. தலை தூக்கி ஆடுவது, தாலாட்டில் உறங்குவது, கை கொட்டுவது, முத்தம் தருவது, தளர்நடை நடப்பது, நிலாவை விளையாடக் கூப்பிடுவது வரை எல்லாக் குழந்தையும் குழந்தைதான். எட்டாவது பருவத்தில் பாதை பிரிகிறது. பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்.

இதில் சிற்றிலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். பையன் வந்து காலால் அதைக் கலைக்கிறான். 'சிற்றில் சிதையேல்' என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சலே அவனுக்குப் புகழ்ப்பாட்டு. எத்தனை அழகான பாடல்கள், சந்தேகமே இல்லை, நானும் ரசித்துப் படித்தவன்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண் என்று தனியே பிரிக்கப்பட்டதும் அவனுக்குக் கிடைக்கிற முதல் விளையாட்டு, இன்னொருத்தி கட்டியதை இடிப்பது. தெய்வக் குழந்தைக்கு அது லீலை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கிற பையனைப் பற்றிப் புகார் வந்தால், "ஆண்பிள்ளை அப்படித்தான் இருப்பான், விடுங்கள்" என்கிறோமே, அதுவும் ஒரு வகைச் சிற்றில் பருவப் பாட்டுத்தான்.

சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஆணின் வளர்ச்சிக்கும் பெயர் வைத்திருக்கின்றன: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். பெண்ணுக்கான பேதை, பெதும்பை, மங்கை வரிசை எல்லோருக்கும் தெரியும், சினிமாப் பாட்டில்கூட வந்திருக்கிறது. ஆணின் வரிசையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சற்று உரக்கப் படித்துப் பாருங்கள். மறவோன் என்றால் வீரன், திறலோன் என்றால் வலியவன். மீசை அரும்பும் முன்பே அவனுக்குப் போர்க்களத்துப் பெயர் வந்துவிடுகிறது.

தருமபுரிக்காரர்களுக்கு இந்த இடத்தில் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965ல் சேலத்திலிருந்து தனி மாவட்டமானது, 2004ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண் இது. அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லாத பள்ளிக்கூடம் இங்கே இல்லை. அதே ஔவையார் அவனைப் பாடிய புறநானூற்று 100ஆம் பாட்டை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. போர்க்களத்திலிருந்து வந்தவன், பிறந்த தன் மகனை முதல்முறையாகப் பார்க்க நிற்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். பாட்டின் கடைசி வரிகள் இவை:

செறுவர் நோக்கிய கண் தன்
சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே.

பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் சின்னஞ்சிறு மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை. புலவர் இதை வீரத்தின் உச்சமாகப் பாடினார். உரையாசிரியர்களும் அப்படியே கொண்டாடினார்கள். எனக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரி படுகிறது. மாலையில் வேலை முடிந்து, அங்கே பட்ட கோபத்தை அப்படியே கண்ணில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற அப்பாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணை இறக்கி வைக்க இடம் எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நியாயமாகச் சொன்னால், அதே ஔவையாரே அதே அதியமானை இன்னொரு விதமாகவும் பாடியிருக்கிறார். 94ஆம் பாட்டில், ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைத் தேய்த்துக் கழுவுவதற்காக ஆற்றுத்துறையில் படுத்துக்கொடுக்கும் பெரிய யானையைப் போல எங்களுக்கு நீ இனியவன் என்கிறார். 92இல், குழந்தையின் மழலை யாழிசைபோல இருக்காது, அதில் பொருளும் இருக்காது, ஆனாலும் தந்தையருக்கு அது அருளைச் சுரக்கச் செய்யும் என்கிறார். ஆக, பிள்ளைகளுக்கு முன்னால் படுத்துக்கொடுக்கும் ஆண் பழந்தமிழிலேயே இருக்கிறான். சிலையாக வார்க்கும்போது மட்டும் நாம் வேல் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

இலக்கியத்தைப் படிக்கும்போது இந்தத் தேர்வைக் கவனிப்பதுதான் முக்கியம். ஒரு நூலில் என்ன இருக்கிறது என்பது ஒன்று, அதிலிருந்து ஊர் எதை எடுத்து மனப்பாடம் செய்தது என்பது வேறு. 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்ற குறுந்தொகை வரி (135) மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும். ஆணுக்கு வேலைதான் உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஆண்தான் உயிர். கல்வெட்டுச் சட்டம்போல இதைச் சொல்வார்கள். முழுப் பாட்டும் நான்கே வரி, அதன் முடிவு 'அழாஅல் தோழி, அழுங்குவர் செலவே'. அழாதே, இப்படிச் சொன்னவரே பயணத்தை நிறுத்திவிடுவார் என்கிறாள் தோழி. அவள் அந்தச் சட்டத்தையே கையில் எடுத்து, அவன் போகாமல் இருப்பதற்கு வாதமாகத் திருப்பிவிட்டாள். மேடைப் பேச்சாளர்கள் முதல் அடியோடு இறங்கிவிடுகிறார்கள். தொல்காப்பியத்தின் 'பெருமையும் உரனும் ஆடூஉ மேன' என்பதும் அப்படித்தான். காதலில் விழுந்த தலைவன் எப்படி நடந்துகொள்வான் என்று களவியலில் சொன்னதை எல்லா வயது ஆணுக்கும் எல்லா நேரத்துக்குமான விதியாக நீட்டிக்கொண்டோம்.

'ஆண்மை' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். 'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்று வள்ளுவர் அதை அடக்கத்துக்குச் சூட்டினார். மற்றோர் இடத்தில், எதிரிக்கு ஒரு துன்பம் வந்தால் உதவுவதே ஆண்மையின் கூர்முனை என்றார் (773). பெரியாரோ இந்தச் சொல்லைப் பழுதுபார்க்கவே விரும்பவில்லை. பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார். சொல்லைக் காப்பாற்றித் திருத்துவதா, தூக்கி எறிவதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு வாரத்துக்கு ஒரு பக்கம் சரியாகத் தோன்றுகிறது.

இனி ஊருக்கு வருவோம். ஆணுக்கு எந்த உணர்ச்சியெல்லாம் அனுமதி? தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல் (அவமானம்), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பத்து வயதுப் பையன் தெருவில் எதையெல்லாம் வெளியே காட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். சிரிக்கலாம். கோபப்படலாம், தாராளமாக. பெருமிதம் கொள்ளலாம். அழுகையும் அச்சமும் கூடாது. அவமானப்பட்டால் அதைக் கோபமாக மாற்றித்தான் காட்ட வேண்டும். எட்டு அறை வீட்டில் பாதி அறையைப் பூட்டிவிட்டு, மீதியில் குடியிரு என்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் தை, மாசியில் எருது விடும் விழா நடக்கும்போது பதினாறு வயதுப் பையன்கள் வாடிவாசலை ஒட்டி நிற்பதைப் பார்த்தால் தெரியும். பாதிப் பேரின் முகத்தில் பயம் அப்பியிருக்கும். ஒருவன்கூடப் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான்.

இதே மண்ணில் பூட்டிய அறை ஒன்று இரவில் மட்டும் திறக்கிறது. திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும். பாஞ்சாலி வேடம் கட்டுபவர் ஆண்தான். பகலில் ஏர் ஓட்டியவராகவோ செங்கல் சூளையில் வேலை செய்தவராகவோ இருப்பார். அவையில் துகில் உரியப்படும்போது அவர் தலைவிரிகோலமாக நின்று கதறுவார். கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. விடிந்ததும் அதே ஆட்கள், முழங்கால் சிராய்த்து அழுகிற பேரனிடம், ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்பார்கள். இந்த முரணை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கூத்துப் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

சரி, அழக்கூடாது என்பதால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பள்ளியில் தொடங்குவோம். 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழகத்தில் தேர்ச்சி பெற்ற மாணவியர் 96.44 சதவீதம், மாணவர் 92.37 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். நாளிதழ்கள் 'வழக்கம்போல் மாணவிகளே அதிகம்' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். நம் மாவட்டங்களில் அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு பஸ் இருக்கிறது. மழை பொய்த்தால், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், பத்தாம் வகுப்போடு நிற்கிற மூத்த பையன் ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறான். கட்டட வேலை, கம்பெனி வேலை, ஏதோ ஒன்று. நீ போய்ச் சம்பாதி என்று வாய் திறந்து யாரும் சொல்வதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவருக்கும் மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல் வந்தது. பையன்களும் நழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான விஷயங்களும் உண்டு. இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. கடன், குடி, நோய் என்று காரணங்கள் பல இருக்கும். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லாமல் வளர்ந்ததும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. அதேபோல, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாத யாரையும் குழந்தை என்றே கொள்கிறது, பையன்களையும் சேர்த்துத்தான். இது பல பெற்றோருக்குத் தெரியாது. 'ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்' என்ற நினைப்பில் கேட்காமல் விடுகிறோம், கேட்டாலும் அவன் சொல்ல வெட்கப்படுகிறான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அவனுக்கும் உரியது.

அப்படியானால் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் கஷ்டம் என்கிறீர்களா? இந்தப் பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்வி வரும். இல்லை. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் நாக்கு கூசும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் மிகக் குறைவாக இருந்த தமிழக மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் 1992ல் சேலத்தில் தொடங்கி, 2001ல் இங்கும் விரிந்தது. பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையும் பஸ் ஏறிய மூத்த பையனும் வேறு வேறு கதைகள்போலத் தெரியும். ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் அவை. மகன் என்றால் வருமானம், கொள்ளி, வாரிசு. மகள் என்றால் செலவு. அந்தக் கணக்கில் பெண் பிறக்குமுன்பே கழிக்கப்பட்டாள். ஆண் பிறந்த அன்றே வரவில் எழுதப்பட்டான். கழிக்கப்பட்டவளின் இழப்பும் எழுதப்பட்டவனின் பாரமும் சமம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகம் ஒன்றுதான்.

இதற்கும் ஔவையாரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினி வளர்ந்த பிறகு அவனைப் பாடியது, புறநானூறு 102. உப்பு வணிகர் வண்டி கட்டுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ, யார் கண்டது? எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். நீ அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவையார். லாரிக்காரர்கள் ஸ்டெப்னி என்பார்களே, அதேதான். பெரிய பாராட்டுத்தான், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூத்த மகனைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் பாட்டைத்தான் தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'ஏதாவது ஒன்று என்றால் அவன் இருக்கிறான்.' நுகம் பழகாத இளைய எருது யார் என்று கேட்டாலும் அவனையே காட்ட வேண்டியிருக்கும், அதுதான் வேடிக்கை.

100ஆம் பாட்டில் சிவந்த கண்ணுக்கு எதிரே கிடந்த சிசு இந்தப் பொகுட்டெழினிதானா என்று பாட்டு சொல்வதில்லை. அவன்தான் என்று வைத்துக்கொண்டால், பிறந்த அன்று ஒரு பாட்டு, வண்டிக்கு அடியில் கட்டப்பட்ட பிறகு ஒரு பாட்டு. நடுவில் அவன் எதைக் கண்டு பயந்தான், எந்தக் குட்டியை வளர்த்தான், எதற்கு அழுதான் என்பதற்குப் பாட்டு இல்லை. 101ஆம் பாட்டு அப்பாவின் விருந்தோம்பலைப் பற்றியது.

பங்குனியில் எங்கள் பட்டியில் வெள்ளாடு ஒன்று ஈன்றது. அக்கா மகன் பள்ளிக்கூடப் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே ஓடினான். ஈரம் காயாத குட்டியின் பின்காலை, தரகர் செய்ததுபோலவே, தூக்கிப் பார்த்தான். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

"தாத்தா, பெட்டை! பெட்டைதான் தாத்தா!"